சேர்ந்து வாசிக்க எந்த நாவல்? ஐந்து பரிந்துரைகளை எடைபோட்டுப் பார்த்தது

எங்கள் நண்பர் கூட்டத்தில் ஆறு பேர் ஒரே நாவலை ஒரே மாதத்தில் வாசித்துவிட்டு, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. எந்த நாவல் என்பதில்தான் இழுபறி. ஆளுக்கொன்றாக ஐந்து பெயர்கள் வந்தன: தி. ஜானகிராமனின் 'மோகமுள்', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'வெக்கை', அசோகமித்திரனின் 'தண்ணீர்'. நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஐந்தையும் ஏற்கெனவே வாசித்திருப்பதால் ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

இந்த ஐந்தில் எது பெரிய நாவல் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. அதற்கு விமர்சகர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இந்த ஆறு பேர் சேர்ந்து வாசிக்க எது சரிப்படும் என்பது மட்டும். ராத்திரி தனியாகப் படித்தபோது உயிரை உருக்கிய புத்தகத்தை நாலு பேர் நடுவில் வைத்தால், "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு நின்றுவிடுவது உண்டு. மனசை அவ்வளவாகத் தொடாத புத்தகம் சபையில் இரண்டு மணி நேரச் சண்டையைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

எனக்கு அளவுகோலாக இருப்பது சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1966-இல் வந்த அந்த நாவலை நாங்கள் ஆறு பேருமே வேறு வேறு வயதில், வேறு வேறு ஊரில் வாசித்திருக்கிறோம். அதனால்தான் அது இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதி பிடித்ததா, மரத்தை வெட்ட முனிசிபாலிட்டி கிளம்பும் பகுதி பிடித்ததா என்று ஆரம்பித்து, பத்தே நிமிடத்தில் அவரவர் ஊர் முக்குக்கு வந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆலமரம் இருந்தது, சாலையை அகலப்படுத்தும்போது போய்விட்டது, அதன் கீழே வண்டி வைத்திருந்த சைக்கிள் கடைக்காரர் என்ன ஆனாரோ என்று போகும். அப்படிப் போய்விட்டுத் திரும்ப நாவலுக்கு வரும்போது, நாகர்கோவில் பக்கத்துப் புளியமரம் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். சேர்ந்து வாசிக்கும் புத்தகத்திடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். வாசிக்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையை எடுத்து வந்து வைக்க அதில் இடம் இருக்க வேண்டும். அதோடு, ஆறு பேரும் கடைசிப் பக்கம் வரை வந்து சேர வேண்டும். பாதியில் விட்டவர் கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டார், அடுத்த மாதம் வரவும் மாட்டார்.

மோகமுள்

இதைச் சொன்னவர் கும்பகோணத்துக்காரத் தோழி, வங்கியில் வேலை. "எங்க ஊர்க் காவேரிய இதுல பார்க்கலைன்னா நீங்க பார்த்த மாதிரியே இல்ல" என்பது அவர் வாதம். சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல் இது. கல்லூரி மாணவன் பாபு, அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ரங்கண்ணா, எதையும் மனம்விட்டுப் பேச ஒரு சிநேகிதன் ராஜம். ஜானகிராமன் ஒரு தெருவை எழுதினால் அதில் காலைக் காப்பி வாசனை வரும், தம்புராவின் சுருதி கேட்கும். ரங்கண்ணாவின் வீட்டில் பாபு உட்கார்ந்து பாடம் கேட்கும் பக்கங்களைச் சங்கீதம் துளியும் தெரியாதவர்கள்கூட நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்கள்.

பேசவும் நிறைய இருக்கிறது. யமுனாவைப் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரே கருத்து வரவே வராது. தாய் வழியில் மராத்தியர், தகப்பன் வழியில் பிராமணர் என்பதால் அவளுக்கு வரன் எதுவும் கூடிவராமல் வயது ஏறிக்கொண்டே போகிறது. பாபு அவளை ஒரு தெய்வச் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் யமுனாவுக்கென்று ஆசை, கோபம், பசி எல்லாம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். இருபது வயதில் வாசித்தபோது பாபுவின் தவிப்பே கதையாக இருந்தது. பிற்பாடு வாசித்தபோது, தஞ்சாவூரில் சொத்தெல்லாம் கரைந்து சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலைக்கு வரும் யமுனாவே என் கண்ணில் நின்றாள். வாசகரின் வயதோடு சேர்ந்து மாறுகிற நாவல் இது.

தடையாக நிற்பது அளவு. அறுநூறு பக்கத்தைத் தாண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மீதி நேரத்தில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு மாதத்தில் இது முடியாது. வேகமாகப் புரட்டினால் ஜானகிராமனை வாசித்ததாகவே ஆகாது, ஏனென்றால் அவர் கதையைவிட அதிகமாக ஒரு வேளையை, ஒரு வெளிச்சத்தை, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கும் ஒரு நடையை எழுதுகிறவர். ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம். படம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாங்கள் கூடுவது வாசிப்பதற்கு.

புயலிலே ஒரு தோணி

ஷார்ஜாவில் இருக்கும் நண்பர் சொன்னது. அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. சிங்காரம் சின்ன வயதிலேயே சிங்கம்புணரியிலிருந்து கப்பலேறி இந்தோனேசியாவின் மெடானுக்குப் பிழைக்கப் போனவர். போர் முடிந்து திரும்பியதும் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல்கள். இரண்டாவதான இது 1972-இல் அச்சாயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் மெடானுக்குள் வருவதில் தொடங்கி பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று விரியும் கதை. நாயகன் பாண்டியன் எங்கே நின்றாலும் அவன் மனசு மதுரைத் தெருக்களுக்கும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சம்பாத்தியத்துக்காக ஊரைவிட்டுப் போனவர்களின் மனசைத் தமிழில் இவ்வளவு உள்ளே போய் எழுதியவர்கள் மிகக் குறைவு.

ஆனால் இதை முதல் மாதம் எடுக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். நனவோடை (மனசில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் முறை), பழைய இலக்கியத்தைக் கேலிசெய்யும் நீண்ட உரையாடல்கள், மலாய்ச் சொற்கள், டச்சுத் தெருப்பெயர்கள் எல்லாம் முதல் ஐம்பது பக்கத்திலேயே மேலே வந்து விழும். பழகிய வாசகர்களுக்கு அது கொண்டாட்டம், மற்றவர்களுக்குச் சுவர். மதுக்கடையில் பாண்டியனும் கூட்டாளிகளும் தமிழர் பெருமை பேசிக் கிழிக்கும் இடத்தில் சிரிக்க வேண்டுமென்றால் சிலப்பதிகாரமும் தனிப்பாடல்களும் கொஞ்சம் காதில் விழுந்திருக்க வேண்டும். ஷார்ஜா நண்பரிடம் தனியாகப் பேசி, அவரும் நானுமாக இதை வாசித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் வாரம் ஓர் அத்தியாயமாக, போனில் பேசிக்கொண்டே வாசிக்க இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியவில்லை.

கோபல்ல கிராமம்

தோழி ஒருவரின் அம்மா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எங்கள் கூட்டத்தில் மூத்தவர். எல்லாருக்கும் அவர் அம்மாதான். "கி.ரா.வ வாசிக்க வேண்டாம்ப்பா, காது குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, முதல் அத்தியாயத்தைப் போனிலேயே வாசித்துக் காட்டினார்.

அந்தத் தொடக்கத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். நகைக்கு ஆசைப்பட்ட ஒரு கள்ளன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவனுடைய கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள், உயிர் போன பிறகும் விடவில்லை. அவன் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு மூன்று பக்கத்துக்குள் நடந்து முடிந்துவிடும் இதிலிருந்து ஒரு ஊரின் நீதி, தண்டனை, பயம், பெருமை எல்லாம் கிளம்பி வருகின்றன.

1976-இல் வந்த நாவல். ஆந்திரப் பக்கமிருந்து பயந்து ஓடிவந்த தெலுங்கு பேசும் குடும்பங்கள், இன்றைய கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் பூமியில் காட்டை எரித்து, நிலம் திருத்தி, ஊராகிய கதை. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அதைச் சொல்கிறாள். அழகான சென்னாதேவியை ஒரு ராஜா கேட்டதற்காகக் குடியே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியது, வழியில் மரமே வளைந்து கொடுத்து ஆற்றைத் தாண்டவைத்தது என்று அவள் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு சாதி தன் பயத்தையும் பெருமையையும் எப்படிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறது என்று கேட்டால் போதும். இங்கே நல்ல விவாதம் வரும். எங்கள் ஆறு பேர் வீட்டிலும் "நாம எங்கேருந்து வந்தோம் தெரியுமா" என்று ஆரம்பிக்கும் ஒரு பாட்டிக்கதை இருக்கிறது. அதில் யார் நல்லவர், யார் துரத்தியவர் என்பது கேள்வி கேட்கப்படாமலே கைமாறி வந்திருக்கும்.

குறை என்று சொன்னால், நடுப்பகுதி. மனிதர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு குணவிசேஷம், ஒரு சின்னக் கதை. கி.ரா. விரும்பிச் செய்ததுதான் அது, திண்ணைப் பேச்சின் போக்கு அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் "அடுத்து என்ன" என்று தேடி வாசிப்பவர்கள் அங்கே சோர்ந்துபோவார்கள். தனியாகக் கண்ணால் வாசிப்பவருக்கும், யாரோ வாசிக்கக் கேட்பவருக்கும் இது இரண்டு வேறு நாவல். அம்மா வாசித்தால் நான் முழுவதும் கேட்பேன். ஆனால் மாதம் முழுக்க அவரை வாசிக்கச் சொல்ல முடியுமா?

வெக்கை

மதுரை நண்பர் சொன்னது. அவர் 'அசுரன்' படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி வாங்கியவர். 2019-இல் வெற்றிமாறன் எடுத்த அந்தப் படத்தால் 1982-இல் வந்த இந்த நாவலுக்குப் புதிதாக ஒரு தலைமுறை வாசகர்கள் கிடைத்தார்கள். எனக்கு அதில் மனநிறைவு உண்டு. படம் வந்தால் நாவலின் மதிப்பு போய்விடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்துப் போகிறான். ஆள் செத்துவிடுகிறது. அன்று இரவே அய்யாவும் மகனும் காட்டுக்குள் போகிறார்கள். அதற்குப் பிறகு வரும் சில நாட்கள்தான் நாவல். துரத்தல் கதை என்று நினைத்து எடுத்தால் ஏமாற்றம் வரும். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் ஓர் அப்பனும் மகனும் ஒளிந்துகொள்வதும், பொங்கித் தின்பதும், குளிப்பதும், தூங்குவதும், பேசுவதும். மகன் செய்ததை அப்பன் ஏசவும் இல்லை, மெச்சவும் இல்லை. "சாப்புட்டியா" என்பதுபோல ஒன்றைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் தகப்பனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிராத ஆண்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் இந்த நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது.

படத்தோடு ஒப்பிட்டுப் பேசவும் நல்ல இடம் இருக்கிறது. படத்தில் அப்பாவின் இளமைக் காலம் பெரிய பகுதியாக வரும், கோபத்தை ஏற்றி ஏற்றிக் கொண்டுபோகும். நாவலில் பழைய கதை பேச்சோடு பேச்சாக வந்துபோகும். பூமணி சாதிப் பெயர்களைச் சொல்வதில்லை. நிலம் யாருடையது, யார் யார் வாசலில் எங்கே நிற்கிறார்கள் என்பதிலிருந்து வாசகரே புரிந்துகொள்ள வேண்டும். எது கூடுதல் பலம்? சொல்லிவிடுவதா, சொல்லாமல் விடுவதா? இதில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரியும் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

இன்னொன்று: 'கோபல்ல கிராம'மும் 'வெக்கை'யும் ஏறத்தாழ ஒரே மண். கி.ரா. இடைசெவல்காரர், பூமணியும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அதே கரிசல், அதே வெயில், அதே கம்பங்காடு. ஒரு நாவலில் நிலம் திருத்திக் குடியேறியவர்களின் வீட்டுத் திண்ணை, இன்னொன்றில் கையளவு நிலத்தை விட்டுக்கொடுக்காததற்காகப் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கும். அம்மாவின் தேர்வையும் மதுரை நண்பரின் தேர்வையும் போட்டியாக வைக்காமல் ஜோடியாக எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

'வெக்கை'யின் பேச்சுவழக்கு கடினம் என்று கும்பகோணத்துத் தோழி தயங்கினார். அவர் தயக்கம் நியாயமானது. வசனம் முழுக்கக் கரிசல் பேச்சு, அடிக்குறிப்பு பார்த்துக்கொண்டிருந்தால் ஓட்டம் கெட்டுவிடும். அவரிடம் நான் சொன்னது: ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசி. கண்ணுக்குப் புரியாத சொல் காதுக்குப் புரியும். அப்படியும் நிற்கும் சொற்களுக்குக் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது, அதுவும் 1982-இல் வந்ததுதான். ஆனால் அகராதியைத் திறக்கும் முன் மதுரை நண்பருக்குப் போன் போட்டால் அவர் அந்தச் சொல்லோடு நாலு கதையும் சேர்த்துச் சொல்வார். நண்பர்களோடு வாசிப்பதில் கிடைக்கும் லாபம் இதுதானே.

தண்ணீர்

இதைச் சொன்னவர் எங்களில் மிகக் குறைவாக வாசிக்கும் நண்பர். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் புறநகர் ரயிலில் தினமும் போய்வருகிறவர். "பக்கம் கம்மி, பையில வச்சுக்கலாம்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். குழுவில் யாரோ சிரிப்பு முகம் போட்டார்கள். நான் அதைச் சிரிக்கும் காரணமாக நினைக்கவில்லை. நிற்க இடமில்லாத ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாசிக்கிறவருக்குப் புத்தகத்தின் கனம் முக்கியம். நூற்றைம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும், அத்தியாயங்களும் சின்னவை. பரிந்துரைப் பட்டியல்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நல்ல புத்தகம் என்று மட்டும் சொல்வோம், அந்த ஆளின் நாளில் அதற்கு எங்கே இடம் என்று யோசிக்க மாட்டோம்.

1973-இல் புத்தகமாக வந்த நாவல். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை. ஜமுனா சினிமாவில் கதாநாயகி ஆகலாம் என்ற நம்பிக்கையில் பாஸ்கர் ராவ் என்பவனின் வாக்கை நம்பிக் காத்திருக்கிறாள். அவன் காரில் வந்து கூட்டிப்போவதும் கொண்டுவந்து விடுவதுமாக இருக்கிறான். சாயா வேலைக்குப் போகிறவள், புருஷன் ராணுவத்தில். அக்காவின் இந்த வாழ்க்கை பொறுக்காமல் ஒரு கட்டத்தில் அவள் விடுதிக்குப் போய்விடுகிறாள். ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். சினிமாவின் வெளிச்சம் படாத பக்கம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் ஸ்டூடியோவுக்குள் கதையை அவர் கொண்டுபோவதில்லை. குழாயடியில், கைபம்பு அடியில், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் பெண்களின் நடுவில் வைத்து எழுதுகிறார். மாநகராட்சி தெருவைத் தோண்டிப்போடுகிறது, குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, தண்ணீர் தூக்கிவந்த கிழவி தடுக்கி விழுகிறாள். யாரும் எதையும் உரக்கச் சொல்வதில்லை.

நடுவில் டீச்சரம்மாவின் பேச்சு ஒன்று வருகிறது. வாழ்க்கை போதும் என்ற இடத்துக்குப் போய்விட்ட ஜமுனாவிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதில் எவ்வளவோ மூத்த, நோயாளியான ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தது, மாமியார், பள்ளிக்கூடம், விடியற்காலையில் தண்ணீர். ஆறுதல் சொல்லும் தொனி அதில் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். முதல்முறை வாசித்தபோது இந்தப் பகுதியைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டேன், இரண்டாம்முறை அங்கேயே நின்றுவிட்டேன். ஒருத்தி படும் துன்பத்துக்கு இன்னொருத்தி தன் துன்பத்தைச் சொல்வது ஆறுதலா, அல்லது "எல்லாருக்கும் இப்படித்தான், வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்" என்ற பழைய பாடமா? நான் முதல் கட்சி. எங்கள் கும்பகோணத்துத் தோழி நிச்சயம் இரண்டாவது கட்சியில் இருப்பார், அவர் சொல்லப்போகும் காரணங்களைக் கேட்க எனக்கு ஆசை.

அதற்கு மேல், தண்ணீரைப் பற்றிப் பேச எங்களில் யாருக்கும் தயாரிப்பு தேவையில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு அடுக்ககத்தில் குடியிருந்தவர்களுக்கு டேங்கர் லாரி எந்த நேரத்தில் வரும் என்று காத்திருந்த ராத்திரிகள் நினைவிருக்கும். தெருவில் குடியிருந்தவர்களுக்கு வரிசையில் வைத்த கலர் பிளாஸ்டிக் குடங்களும், யார் குடம் முன்னால் என்ற சண்டையும் நினைவிருக்கும். மதுரை நண்பரின் வீட்டுக் கிணறு வற்றிய கதை உண்டு, ஷார்ஜா நண்பருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடும் ஊரின் கதை உண்டு. அம்மாவுக்கு, பள்ளிக்கூடம் போகும் முன் நாலு நடை தண்ணீர் எடுத்த காலம் உண்டு. சொல்லப்போனால் டீச்சரம்மாவைப் பற்றி எங்களில் அதிகம் பேசும் தகுதி அவருக்குத்தான்.

இந்த நாவலுக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். அசோகமித்திரனின் நடை தட்டையாக இருக்கிறது என்று பலர் முதல் வாசிப்பில் நினைப்பார்கள். உவமை இல்லை, வர்ணனை இல்லை, அழவைக்கும் வரி இல்லை. ஜானகிராமனில் ஊறியவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி படிப்பதுபோல இருக்கும். "இதுல என்ன இருக்கு" என்று ஒருவராவது கேட்பார். கேட்கட்டும். அந்தக் கேள்வியில் ஆரம்பிக்கும் கூட்டம், "அருமை அருமை" என்று ஆரம்பிக்கும் கூட்டத்தைவிட நன்றாக நடக்கும்.

எதை எடுப்பது

என் வாக்கு முதல் மாதத்துக்கு 'தண்ணீர்'. ஆறு பேரும் முடிப்பார்கள். முடிக்கிறவர்களுக்குப் பேச விஷயம் இருக்கும். வட்டாரச் சொல்லோ பழைய இலக்கியமோ தெரிந்திருக்கத் தேவையில்லை. 'வெக்கை' மிக நெருங்கி வந்தது. பக்கமும் இருநூறுக்குள்தான், விறுவிறுப்பும் அதில்தான் அதிகம். கும்பகோணத்துத் தோழியின் தயக்கம் ஒன்றுதான் அதைப் பின்னால் தள்ளியது. ஒரு சுற்றுப் பழகிய பிறகு அவருக்கும் அது எளிதாகிவிடும்.

இரண்டாவது மாதம் 'வெக்கை', மூன்றாவது மாதம் 'கோபல்ல கிராமம்' என்ற வரிசையில். காலப்படி பார்த்தால் கி.ரா.தான் முன்னால் வர வேண்டும். ஆனால் சிதம்பரத்தின் குடும்பத்தோடு காட்டில் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு கோபல்ல கிராமத்தின் கோட்டையார் வீட்டுத் திண்ணைக்கு வந்து மங்கத்தாயாரு அம்மாளின் கதையைக் கேட்டால் காது வேறு மாதிரி வேலை செய்யும். அம்மா வாசிக்கச் சம்மதித்தால் தொடக்க அத்தியாயத்தையும் காட்டை எரிக்கும் பகுதியையும் கூட்டத்தில் அவர் குரலிலேயே கேட்டுக்கொள்ளலாம், மற்றதை அவரவர் வாசித்து வர வேண்டும்.

'மோகமுள்'ளைத் தள்ளிவிடவில்லை. அதைத் தொடர்கதையாகவே வாசிக்கலாம் என்பது என் யோசனை. அந்தக் காலத்தில் பத்திரிகையில் வந்த அத்தியாயங்களைக் கிழித்தெடுத்து, பைண்டு செய்து, வீட்டுக்கு வீடு கைமாற்றி வாசித்தார்கள். அடுத்த இதழ் வரும்வரை என்ன நடக்கும் என்று கிணற்றடியிலும் ஆபீசிலும் பேசினார்கள். வாரம் இத்தனை பக்கம் என்று பிரித்துக்கொண்டு, யாரும் முன்னால் ஓடாமல், ஏப்ரலில் தொடங்கினால் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். வாரா வாரம் எங்கே நிறுத்துவது என்பதைக் கும்பகோணத்துத் தோழியே முடிவு செய்யட்டும், ஊர் அவருடையது.

வாங்குவது பற்றி. ஆறு பேரும் ஆறு பிரதி வாங்க வேண்டியதில்லை. 'தண்ணீர்' என்னிடம் ஒன்று இருக்கிறது, அம்மாவிடம் பழைய பதிப்பு ஒன்று இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ கன்னிமாராவிலோ உட்கார்ந்து வாசிக்கலாம், மதுரை நண்பருக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. என் பிரதி முதலில் ரயில் நண்பரிடம் போகட்டும், பேரைச் சொன்னவர் அவர்தான். ஓரத்தில் பென்சிலில் கோடு போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பேனா மட்டும் வேண்டாம். அவர் முடித்ததும் தாம்பரத்திலேயே இருக்கும் கும்பகோணத்துத் தோழியிடம் நேரில் கொடுத்துவிடலாம், கூரியர் செலவு மிச்சம்.